கதவைக் கடைசியில் மாட்டுங்கள்

வீட்டில் வளரும் பிராணிகள் குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதிலளிக்கும் பகுதி இது. இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, பெரிய நாயைப் பயணக் கூண்டுக்குப் பழக்குவதைப் பற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ராஜா லாப்ரடோர் கலப்பு. வயது ஐந்து, எடை 36 கிலோ. என் கணவருக்குக் கோலாலம்பூருக்கு வேலை மாற்றலாகி இருப்பதால் சீனப் புத்தாண்டு முடிந்ததும் குடும்பத்தோடு அங்கே குடியேறுகிறோம். இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. ராஜாவை வேனில் கொண்டுபோவதற்காகப் பெரிய பிளாஸ்டிக் கூண்டு ஒன்று வாங்கினோம். வாங்கிய அன்றே ராஜாவைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திப் பார்த்தோம். அரை மணி நேரம் ஊளையிட்டது. அன்றிலிருந்து கூண்டு வைத்திருக்கும் பக்கமே அது வருவதில்லை. “பிள்ளையைப் போய் ஜெயிலில் போடுகிறீர்களே” என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். கூண்டு இல்லாமலே கூட்டிச்செல்ல முடியாதா? 
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியாரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. நம் மொழியில் கூண்டு என்றாலே கிளியை அடைப்பதும், நீதிமன்றத்தில் குற்றவாளி ஏறி நிற்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாய், மேசைக்கடியிலும் மாடிப்படிக்குக் கீழும் தானாகவே போய்ச் சுருண்டு படுக்கும் பிராணி. மூன்று பக்கம் மறைந்து ஒரு பக்கம் திறந்திருக்கும் இடம் அதற்குப் பிடித்தமானது. ராஜாவை அன்று பயமுறுத்தியவை பின்னாலிருந்து வந்த கையும், காரணம் புரியாமல் மூடிக்கொண்ட கதவும்தான். அந்த இரண்டையும் நீக்கிவிட்டுத் தொடங்கினால், பத்து வாரம் தாராளமாகப் போதும்.

கூண்டில்லாமல் கூட்டிச்செல்வது முடியாத காரியமில்லை என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி திடீரென்று நிறுத்தப்பட்டால், கட்டப்படாத 36 கிலோ உடல் முன்னிருக்கையில் இருப்பவர்கள் மீது எவ்வளவு விசையோடு வந்து விழும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று: ஓய்வுத்தளத்தில் யாரோ ஒருவர் கதவைத் திறந்த மறுகணம், மிரண்டுபோன நாய் நெடுஞ்சாலைக்குள் பாய்ந்துவிடுகிறது.

முதலில் அந்தக் கூண்டை இரண்டு நாள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் கூண்டுகள் பெரும்பாலும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியக்கூடியவை. திருகாணிகளைக் கழற்றி, கீழ்பாதியை மட்டும் குடும்பத்தார் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் கூடத்தின் ஓரத்தில் வையுங்கள். கூரையும் கதவும் இல்லாத அந்தத் தொட்டியை ராஜா கூண்டாகக் கருத வாய்ப்புக் குறைவு. அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். பெரிய நாய்கள் கூண்டை வெறுப்பதற்குப் பலரும் கவனிக்கத் தவறும் காரணம், வழுவழுப்பான அடித்தளத்தில் கால் சறுக்குவதே. விரிப்பின் மேல் ராஜா வழக்கமாகப் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள். துவைத்தால் வாசனை போய்விடும், நமக்கு வேண்டியது அந்த வாசனைதான்.

இனி யாரும் அதைக் கூப்பிடவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். போகிற வருகிற போக்கில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலின் சிறு துண்டுகளை அந்தத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பார்க்காததுபோல் நகர்ந்துவிடுங்கள். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்ளும். பின்கால்கள் ஓடுவதற்குத் தயாராக வெளியிலேயே இருக்கும். அது போதும். சாப்பாட்டுத் தட்டை முதலில் தொட்டியின் விளிம்புக்கு வெளியே வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே நகர்த்துங்கள். நான்கு கால்களும் தயக்கமின்றி உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். “உள்ளே போ” என்று சொல்வதானால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள். நம் வீடுகளில் அப்பா தமிழிலும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பணிப்பெண் மலாயிலும் ஒரே நாயிடம் பேசுவது வழக்கம். பாவம், அது எந்த மொழிக்குக் கீழ்ப்படியும்?

அங்கே அது தானாகப் படுத்து உறங்கத் தொடங்கினால் மேல்பாதியை மாட்டலாம். இங்கே சற்று நிதானம் தேவை. குட்டை நாய் நிமிர்ந்தபடியே நுழைந்துவிடும். பெரிய நாயோ தலையைத் தாழ்த்தித்தான் நுழைய வேண்டும். தலையைத் தாழ்த்தும் நேரத்தில் சுற்றுப்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எனவே கூரை வந்த நாளில் பாடத்தை மறுபடியும் தொடக்கத்திலிருந்து, தட்டை வாசலில் வைத்து ஆரம்பியுங்கள். இரண்டாம் முறை வேகமாகவே முன்னேறும். திருகாணிகளை எல்லாம் இறுக்கமாக முடுக்குங்கள். நாய் திரும்பும்போது கூரை கடகடவென்று ஆடினால் ஒரு வார உழைப்பு அன்றே வீணாகும்.

கதவு கடைசியில்தான். அதை மாட்டியதும், தானாக ஆடி நாயின் இடுப்பில் இடிக்காதபடி கயிற்றால் திறந்த நிலையில் கட்டி வையுங்கள். சில நாள் கழித்து, ராஜா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் சாத்தி, அது சாப்பிட்டு முடிப்பதற்கு முன்பே திறந்துவிடுங்கள். பிறகு ஐந்து விநாடி, பதினைந்து விநாடி, மறுபடி ஐந்து, அப்புறம் முப்பது என்று ஏற்றியும் இறக்கியும் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டே போனால் நாய் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். இன்றைக்கு நேற்றையதைவிடக் கஷ்டம் என்று வாசலிலேயே நின்றுவிடும். கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் முதலில் பக்கத்திலேயே உட்காருங்கள், பின்பு கூடத்தில் நடமாடுங்கள், அதன்பின் அடுப்படிக்குப் போய் வாருங்கள்.

முனகினால் திறக்கலாமா என்று கேட்பீர்கள். மெல்லிய முனகல் என்றால், அது ஒரு மூச்சு அளவுக்கு ஓயும்வரை காத்திருந்து, அந்த அமைதியில் திறவுங்கள். ஆனால் எச்சில் ஒழுகி, கண்ணின் வெள்ளை தெரியும்படி விழித்து, கம்பியைக் கடித்தால் அது பிடிவாதமில்லை, பீதி. உடனே திறந்துவிட்டு, அடுத்த நாள் அந்த நேரத்தில் பாதியைக்கூடத் தாண்டாமல் தொடங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அடையாளங்களையும் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள்: பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வெயிலில்லாமல் மூச்சிரைப்பது. இவை தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு எதிரான அடையாளம் ஒன்றும் உண்டு. கதவு சாத்திய பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, ஒருக்களித்துப் படுத்து, பெருமூச்சு விட்டால் அந்தக் கட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் இப்படி அமைதியாகப் படுக்கும் நிலை வந்த பிறகு வண்டிக்கு வரலாம். முதலில் வேனின் பின்கதவுத் திறப்பை அளந்து பாருங்கள். முழுக் கூண்டு நுழையாவிட்டால் இரண்டு பாதிகளையும் தனித்தனியே ஏற்றி உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். வண்டி வளையும்போது நகராதபடி பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் நாள் இயந்திரம் ஓடாமல் சாப்பாடு மட்டும். மறுநாள் இயந்திரம் ஓட, வண்டி நிற்க. அப்புறம் குடியிருப்பைச் சுற்றி ஒரு வலம். அதன்பின் பினாங்குப் பாலத்தைக் கடந்து திரும்பி வாருங்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ‘தட் தட்’ ஒலியும் பக்கவாட்டுக் காற்றும் நெடும்பயணத்துக்கு நல்ல ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் ஏரிப் பூங்காவரை போய், கயிற்றோடு இறக்கி, புல்வெளி ஓரமாக நடத்திக் கூட்டிவாருங்கள். பல நாய்களுக்கு வண்டி என்றாலே ஊசி என்றுதான் பதிந்திருக்கிறது. அதற்கு என் போன்றவர்கள்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் புறப்படுவது சீனப் புத்தாண்டுக்குப் பிறகு என்பதால் ஓர் எச்சரிக்கை. புத்தாண்டு இரவும், ஹொக்கியன் சீனர்கள் பினாங்கில் விமரிசையாகக் கொண்டாடும் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவும் வெடிச் சத்தம் மிகுந்தவை. அந்த இரவுகளில் பயிற்சி வேண்டாம். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, மேலே கனமான போர்வை ஒன்றைப் போட்டுவிடுங்கள். ராஜா தானாக உள்ளே போய் ஒளிந்துகொண்டால் அதுவே பெரிய முன்னேற்றம். அப்போது கதவைச் சாத்திவிடாதீர்கள்.

பயண நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்படுவது நல்லது. தெற்கு நோக்கிப் போகும் வண்டிக்குக் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். அந்தப் பக்கக் கண்ணாடியை மறைத்துக்கொள்ளுங்கள். முன்னிருக்கையில் குளிர்கிறது என்பதால் பின்னால் இருக்கும் மூடிய கூண்டுக்குள்ளும் குளிர்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நாய்க்கு மூச்சிரைப்புதான் உடல் வெப்பத்தைத் தணிக்கும் முக்கிய வழி. நம் ஊர் ஈரக்காற்றில் அதுவும் அரைகுறையாகவே வேலை செய்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிராபத்து. வெளியே 29 டிகிரி இருக்கும்போது நிறுத்திவைத்த காரின் உள்ளே பத்து நிமிடத்தில் 40 டிகிரியை எட்டிவிடும். ஆகவே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும்.

முந்தின இரவு வழக்கத்தைவிடக் குறைவான உணவு, காலையில் தண்ணீர் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே, கதவிடுக்கு வழியாகக் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டப்பட்டிருக்க வேண்டும். இழுத்தால் இறுகும் சங்கிலியைக் கூண்டுக்குள் அணிவிக்கவே கூடாது. கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்தை நெரித்துவிடும். ஓய்வுத்தளங்களில் சுராவ் எனும் தொழுகை இடம், உணவுக்கடைகள் ஆகியவற்றிலிருந்து தள்ளி, கடைசி நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அசுத்தத்தை எடுத்துப் போட்டுவிடுங்கள். புதிய ஊரின் மாநகர் மன்றத்தில் நாய்க்குப் புதிதாக உரிமம் எடுக்க வேண்டியிருக்கும். அடுக்குமாடி வீடாக இருந்தால் பெரிய நாய்க்கு அனுமதி உண்டா என்பதை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் முதலில் இறக்க வேண்டியது அந்தக் கூண்டுதான். அதே பழைய துணியோடு கூடத்தின் மூலையில் வைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். உங்கள் மாமியாரையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம். ஈரல் துண்டு போடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் லாப்ரடோர் நாயைக் கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் அனுப்ப வேண்டும். கடைக்காரர் 500 என்ற அளவுள்ள கூண்டு போதும் என்கிறார். பயணத்தில் தூங்கிவிடும்படி மாத்திரை கொடுத்துவிட்டால் பழக்கும் வேலை மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். சரிதானா? நாயின் அளவுகள்: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 88 செ.மீ., தரையிலிருந்து முழங்கைவரை 32, தோள் அகலம் 24, நிற்கும்போது உயரம் 72. 
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டுமே சரியில்லை ஐயா. நீங்கள் அளவெடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்துள்ள கணக்கின்படி, கூண்டின் நீளம் என்பது நாயின் நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைச் சேர்த்தது. அகலம் தோள் அகலத்தைப் போல் இரு மடங்கு. உயரம் தலை அல்லது காது நுனி, எது மேலோ அதுவரை அளந்து, விரிப்பின் தடிப்பையும் சேர்த்தது. உங்கள் நாய்க்கு நீளம் 104, அகலம் 48, உயரம் 72க்கு மேல் விரிப்பு. 500 என்று விற்கப்படும் கூண்டின் வெளிநீளமே சுமார் 102 செ.மீ.தான். இரண்டு செ.மீ. குறைவுதானே என்று நமக்குத் தோன்றும். சரக்குப் பிரிவில் நாடாவை வைத்து அளப்பவருக்குத் தோன்றாது. சுமார் 122 செ.மீ. நீளமுள்ள 700 அளவைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. 700 கூண்டின் உயரம் 89 செ.மீ. அளவில் வரும். போயிங் 737 விமானத்தின் சரக்குக் கதவு 90 செ.மீ. உயரம்கூட இல்லாதது, ஏர்பஸ் 320இன் கதவு அதைவிட உயரமானது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், அந்த நாளில் எந்த வகை விமானம், அதில் எவ்வளவு உயரக் கூண்டு ஏறும் என்பதை விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சபாவுக்கு அனுப்ப அம்மாநிலக் கால்நடைத் துறையின் அனுமதி தனியாகத் தேவை. தீபகற்பத்துக்குள் வண்டியில் கொண்டுபோவதுபோல் நினைத்துவிட வேண்டாம்.

மயக்க மாத்திரை கூடவே கூடாது. அது நாயின் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சமன்படுத்தும் ஆற்றலையும் மந்தப்படுத்துகிறது. கூண்டு சாயும்போது விழிப்புள்ள நாய் காலை ஊன்றிக்கொள்ளும். மயங்கிய நாய் சுவரில் மோதும். வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் இவற்றில் எது நடந்தாலும் யாராலும் உதவ முடியாது. மயக்கப்பட்ட பிராணிகளை ஏற்க விமான நிறுவனங்கள் மறுப்பதும் இதனால்தான்.

பழக்கும் முறையை மேலே சகோதரிக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். பறக்கும் நேரம் இரண்டரை மணிதான் என்றாலும், முன்கூட்டியே ஒப்படைப்பதையும் இறங்கியபின் காத்திருப்பதையும் சேர்த்தால் ஆறு, ஏழு மணி நேரம் உங்கள் நாய் கூண்டுக்குள் இருக்கும். ஆகவே இரவு முழுவதும் அதிலேயே உறங்கும் பழக்கம் வர வேண்டும். கூண்டைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டு முன்றிலில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சரக்கேற்றும் பாரந்தூக்கியின் ‘பீப்’ ஒலியைப் பதிவுசெய்து முதலில் மிகக் குறைந்த சத்தத்தில், சாப்பாட்டு வேளையில் ஒலிக்கவிடுங்கள். தெரியாத ஒருவர் வந்து கூண்டருகே நிற்பதும் பாடத்தில் இருக்கட்டும், ஏனென்றால் அன்றைக்கு அதைத் தொடுகிற எல்லோரும் அந்நியர்களே.

கூண்டின் பாதிகளைப் பிளாஸ்டிக் கொக்கிகளுக்குப் பதிலாக உலோகத் திருகாணிகளால் இணையுங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வெளியிலிருந்து நிரப்பக்கூடியதாகக் கதவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். முந்தின இரவே அதில் தண்ணீரை உறைய வைத்துவிட்டால், ஏற்றும்போது சிந்தாமல் போகப்போக உருகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் தெருவிலிருந்து எடுத்துவந்த பெரிய அல்சேஷன் கலப்பு நாய் என்னிடம் இருக்கிறது. கம்பிக் கூண்டில் விட்டால் பல்லாலும் நகத்தாலும் கம்பியைக் கிழிக்கப் பார்க்கிறது. சென்ற வாரம் ஒரு பல்லே உடைந்துவிட்டது. “இரண்டு நாள் அடைத்துப் போட்டால் அடங்கிவிடும்” என்கிறார்கள் வீட்டில். 
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அடைத்துப் போடாதீர்கள் தம்பி. அப்படி அடங்கும் நாய் பழகிவிட்டது என்று பொருளில்லை. போராடிக் களைத்துவிட்டது என்றே பொருள். உடைந்த பல்லை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே சதை தெரிந்தால் அது சீழ் பிடிக்கும்.

பிறகு ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கூண்டில் அமைதியாக இருந்து, நீங்கள் வெளியே போனதும் மட்டும் கிழிக்கிறதா? கூண்டில்லாமல் தனியே விட்டாலும் கதவைப் பிறாண்டுகிறதா? அப்படியானால் நோய் கூண்டில் இல்லை, தனிமைப் பயத்தில் இருக்கிறது. அதற்குச் சிகிச்சை வேறு. ஒரு கைப்பேசியைப் பதிவில் போட்டுவிட்டு அரை மணி வெளியே போய் வந்தால் தெரிந்துவிடும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே மிரள்கிறது என்றால், எப்போதோ யாரோ அதை அடைத்துத் துன்புறுத்தியிருக்கலாம். அப்போது கம்பிக் கூண்டைக் கைவிட்டு, உருவத்திலேயே வேறுபட்ட பிளாஸ்டிக் கூண்டின் கீழ்பாதியிலிருந்து தொடங்குங்கள். பத்து வாரம் என்று கெடு வைக்காதீர்கள். ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

அதுவரை காரில் கொண்டுபோக வேண்டியிருந்தால், மார்பைச் சுற்றிப் பூட்டும் பாதுகாப்புப் பட்டையை அணிவித்துப் பின்னிருக்கைப் பட்டையோடு இணையுங்கள். முன்னால் தாவாதபடி நடுவில் ஒரு வலைத்தடுப்பு இருக்கட்டும். பட்டையைக் கழுத்துப்பட்டையில் இணைக்கக் கூடாது. மார்புப் பட்டையில் மட்டும்தான். பயத்தைக் குறைக்கும் மருந்து சில நாய்களுக்குப் பயிற்சியோடு சேர்ந்து உதவும், ஆனால் நாயை நேரில் பார்த்த மருத்துவர்தான் அதை எழுதித் தர வேண்டும். பல் காட்டப் போகும்போதே கேட்டுவிடுங்கள், அந்தக் கைப்பேசிப் பதிவையும் கொண்டுபோங்கள்.